போர்முனையில் ராசி பார்ப்பது கோழைத்தனமா?

மார்ச் 3, காலை 10.20 (வாசகர் கேள்வி)

சீன எல்லையில் நாதுலா கணவாய் பக்கம் இறந்துபோன ஒரு சிப்பாய்க்குக் கோயில் கட்டி, தினமும் படுக்கை விரித்து, பூட்ஸ் துடைத்து வைக்கிறார்களாம். ரேடாரும் ஏவுகணையும் வைத்திருக்கும் ராணுவத்தில் இதெல்லாம் எதற்கு? துப்பாக்கி பிடித்தவன் தாயத்து கட்டுவது கோழைத்தனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9.45

நான் சொல்கிறேன். ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவராக இருந்தேன். நீங்கள் சொல்லும் அதே ரோட்டில், கிழக்கு சிக்கிமில், சக்திமான் லாரி ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் கோயில் பாபா ஹர்பஜன் சிங்குடையது. பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23-வது பட்டாலியன் சிப்பாய். 1968-ல் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போகும்போது ஓடையில் தவறி விழுந்து இறந்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. சீனர்கள் தாக்க வந்தால் மூன்று நாளைக்கு முன்பே எச்சரிப்பார் என்ற நம்பிக்கை உண்டு. விரித்த படுக்கை காலையில் கசங்கியிருக்கும், துடைத்த பூட்ஸில் சேறு இருக்கும் என்பார்கள். பல வருடம் செப்டம்பரில் அவருக்கு லீவு கொடுத்து, ரயிலில் இடம் போட்டு, பெட்டியோடு பஞ்சாபுக்கு அனுப்பினார்கள். பிற்பாடு அந்த வழக்கம் நின்றது.

கசங்கிய படுக்கையை நான் பார்த்ததில்லை. பார்த்தது வேறு. 14,000 அடி உயரத்துக்குப் போகிற ரோடு. தார் மேல் கண்ணுக்கே தெரியாத பனிப்படலம். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டியும் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். அந்த ரோட்டில் பாபா கோயிலைத் தாண்டும் ஒவ்வொரு டிரைவரும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான். சீக்கியன், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லோரும். பயந்தவன் என்றால் எம்.ஐ. ரூமில், அதாவது டாக்டர் பார்க்கும் அறையில், போய் வயிற்றுவலி என்று படுத்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கும்பிட்டவன் அடுத்த நிமிஷம் ஏறி வண்டியை மேலே ஓட்டினான். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மார்ச் 3, இரவு 11.10

ஒன்று விட்டுப்போனது. என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். வீட்டில் கற்பூரம் கிடையாது, நல்ல நேரம் கிடையாது, ராகுகாலத்தில்தான் எங்கள் வீட்டுச் சுபகாரியம் எல்லாம் நடந்தது. நான் பட்டாளத்துக்குக் கிளம்பியபோது அம்மா கருப்பசாமி கோயில் விபூதியை காலண்டர் தாளில் மடித்து ட்ரங்குப் பெட்டி அடியில் வைத்தார். அப்பா பெட்டியைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார், எடுத்துப் போடவில்லை, மூடிவிட்டார். அந்த இரண்டு பேருக்கும் நான் மகன். அதனால் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

மார்ச் 4, மாலை 6.30

"பயம் வந்தால் அறிவு போய்விடும், அவ்வளவுதான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் என்றால் எல்லாப் பயத்துக்கும் சடங்கு இருக்க வேண்டுமே, இல்லையே.

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப் போர் நடந்த வருடங்களில் பசிபிக்கில் டிரோப்ரியண்ட் தீவுகளில் இருந்தார். அந்த மக்கள் உள்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் போடுவதில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீன் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் செய்தார்கள். ஆள் அதே ஆள், அறிவும் அதே அறிவு. கைக்கு அடங்காத இடத்துக்குப் போகும்போதுதான் மந்திரம் வருகிறது என்று அவர் எழுதினார்.

டிரைவருக்கு இது புதிதல்ல. சிலிகுரியில் சமவெளி ரோட்டுக்குப் போகிறவன் எலுமிச்சம்பழம் தேட மாட்டான். மலை ஏறுகிறவன்தான் தேடுவான்.

மார்ச் 5, இரவு 10.00

நேற்று எழுதியதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாம்பர் கமாண்ட். ஜெர்மன் நகரங்களுக்கு ராத்திரியில் பறந்து குண்டு போட்ட பிரிவு. விமானப் பணியில் இருந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் சுற்றுக்கு 30 முறை போய்வர வேண்டும், அப்புறம்தான் ஓய்வு. ஒரு லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். கரடிப் பொம்மை, முயல் கால், காதலியின் பட்டுக் காலுறை, அம்மா கொடுத்த பதக்கம் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் எல்லோரும் பின்சக்கரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு ஏறுவது பல குழுக்களில் கட்டாயம். ராசிப் பொருளை மறந்து வந்தவனுக்காக வண்டியைத் திருப்பி எடுக்கப் போனதும் உண்டு. அமெரிக்க விமானப்படையில் பலர் 13-வது பயணத்தை 13 என்று எண்ணவில்லை, '12-பி' என்று எண்ணினார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஃப்ரீமன் டைசன், பிற்பாடு பெரிய இயற்பியலாளர் ஆனவர், அப்போது பாம்பர் கமாண்டில் புள்ளிவிவரம் பார்க்கும் இளைஞர். பயிற்சியும் அனுபவமும் கூடக் கூட உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்றுதான் பையன்களுக்குச் சொல்லி வந்தார்கள். கணக்குப் பார்த்தபோது அது உண்மையில்லை என்று தெரிந்தது. முதல் சில பயணம் போனவனும் இருபது பயணம் போனவனும் ஒரே வீதத்தில் விழுந்தார்கள். ஜெர்மன் இரவு விமானங்கள் அடிப்பக்கமாக வந்து, மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கியால் சுட்டன. லங்காஸ்டரில் இருந்தவர்களுக்கு நேர் கீழே பார்க்க வழியே இல்லை. என்ன சாமர்த்தியம் இருந்து என்ன செய்ய?

அந்தக் கணக்கு பையன்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் உள்ளுக்குள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல பைலட்டும் திரும்பி வரவில்லை, மோசமான பைலட்டும் திரும்பி வரவில்லை என்பதைத் தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தவர்கள் அவர்கள். கரடிப் பொம்மையை அங்கே பிடித்துக்கொண்டவனை இங்கே நாற்காலியில் உட்கார்ந்து நாம் திட்டக்கூடாது.

மார்ச் 6, காலை 7.15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "அப்படியானால் எல்லா மூடநம்பிக்கையும் சரியா?" என்று கேட்டிருக்கிறார். சரியில்லை. நேற்றே எழுதியிருக்க வேண்டிய அடுத்த பாதி இது.

அதே விமானத் தளங்களில் பெண்களும் வேலை பார்த்தார்கள்: வண்டி ஓட்டுவது, பாராசூட் மடிப்பது, ரேடியோ. ஒரு பெண்ணோடு பழகியவன் திரும்பி வராமல் போய், அடுத்து பழகியவனும் போய்விட்டால், அவளுக்குச் சாவுக்காரி என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் அவளோடு நடனமாட மாட்டார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இரண்டு பேரைப் பறிகொடுத்தவளுக்கு அந்தத் துக்கத்தோடு இந்தப் பழியும். பாதிப் பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், யாரோடு பழகினாலும் அவன் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம் என்ற எளிய கணக்கு யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவே இல்லை. கல்யாணமாகி சில மாதத்திலேயே எல்லையில் கணவனை இழந்த ஒரு பெண்ணை, பெட்டி வந்து இறங்கிய அன்றே, "இவ வந்த நேரம்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கொடி போர்த்திய பெட்டி வாசலில் இருக்கிறது, உள்ளே இந்தப் பேச்சு. அந்த அக்கா இன்றைக்கும் ஊர் விசேஷங்களுக்கு முன்வரிசையில் வருவதில்லை. அவன் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த நம்பிக்கைக்கு அவள் வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கிறாள். யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நான் பிரிக்கிறேன்.

மார்ச் 6, மதியம் 1.40

ஒரே தீக்குச்சியில் மூன்றாவது ஆள் சிகரெட் பற்றவைக்கக்கூடாது என்ற நம்பிக்கையைத் தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்வீடனின் தீப்பெட்டி முதலாளி ஐவார் க்ரூகர் மேல் இந்தப் பழி ரொம்பக் காலமாக உண்டு. விற்பனைக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலேயே அந்தப் பேச்சு இருந்தது. காரணமும் சொல்லிக்கொண்டார்கள்: முதல் ஆளில் எதிரி வெளிச்சத்தைப் பார்ப்பான், இரண்டாவதில் குறி வைப்பான், மூன்றாவதில் சுடுவான்.

ராத்திரி டியூட்டியில் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடிக்க எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அது ஜாக்கிரதை. பகல் வெளிச்சத்தில், கேன்டீனுக்குள்ளேயும் மூன்றாவது ஆள் தீக்குச்சியை மறுத்தால் அது நம்பிக்கை. ஒன்று இன்னொன்றாக எந்த இடத்தில் மாறுகிறது என்று பிரிப்பது கஷ்டம்.

மார்ச் 8, இரவு 9.20

யார் விலை கொடுக்கிறார்கள் என்று எழுதினேன் அல்லவா, அதை இன்னும் கொஞ்சம் யோசித்தேன். சிப்பாய் ராசி பார்ப்பது ஒன்று. தளபதி ராசி பார்ப்பது முற்றிலும் வேறு.

கி.மு. 413. சிசிலியில் சிரக்யூஸ் நகரத்தை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படை தோற்றுக்கொண்டிருக்கிறது. கப்பலேறிக் கிளம்பிவிடலாம் என்று முடிவாகி எல்லாம் தயார். அன்று ராத்திரி சந்திர கிரகணம். தளபதி நிக்கியாஸ் நிமித்தம் பார்ப்பவர்கள் பேச்சைக் கேட்டு, மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், நகரக்கூடாது என்றார். அதற்குள் எதிரி துறைமுகத்தை அடைத்தான். படை முழுவதும் அழிந்தது. பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களைக் கல்குவாரியில் போட்டு வெயிலிலும் பசியிலும் சாகவிட்டார்கள். நிக்கியாஸும் கொல்லப்பட்டார்.

தன் ஒருவன் உயிருக்குத் தாயத்து கட்டிக்கொள்ள எவனுக்கும் உரிமை உண்டு. ஒரு படைக்கே சேர்த்துக் கட்ட தளபதிக்கு உரிமை கிடையாது.

மார்ச் 9, காலை 8.05

இதற்கு எதிர்க்கதை ஒன்றை ஒரு நண்பர் நினைவுபடுத்தினார், நல்ல கதை. கி.மு. 249, ரோமானியத் தளபதி க்ளாடியஸ் புல்கர். போருக்கு முன் புனிதக் கோழிகள் தீனி தின்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். கோழிகள் தின்னவில்லை. "தின்னாவிட்டால் தண்ணீர் குடிக்கட்டும்" என்று அவற்றைக் கடலில் தூக்கிப் போட்டாராம். ட்ரெபானா சண்டையில் அவருடைய 93 கப்பல்கள் எதிரி கையில் சிக்கின.

நண்பர் இதிலிருந்து "பகுத்தறிவாலும் தோற்கலாம்" என்கிறார். தோற்றதற்குக் காரணம் கடல் வியூகம். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேறொன்று எனக்கு உறுத்துகிறது. அந்தக் கோழிகளை நம்பிய துடுப்புக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அதைச் செய்துவிட்டு "இப்போது போய்ச் சண்டை போடு" என்றால் கை எப்படி ஓடும்? நாதுலா ரோட்டில் எங்கள் அதிகாரிகளில் சிலருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. கோயிலில் வண்டி நின்றால் அவர்களும் இறங்கி நின்றார்கள், தொப்பியைச் சரிசெய்து சல்யூட் அடித்தார்கள். தன் முடிவை அதற்குக் கொடுக்காமல், ஆள்களின் மனசையும் உடைக்காமல் நடந்துகொண்டார்கள். அது சுலபமான வேலை இல்லை.

மார்ச் 9, இரவு 10.30

தனோட் மாதா கோயில் பற்றிக் கேட்டவருக்கு. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் தாண்டி எல்லையோரம் இருக்கிறது. 1965 போரில் கோயிலைச் சுற்றி விழுந்த பாகிஸ்தான் குண்டுகள் வெடிக்கவில்லை என்பது நம்பிக்கை. எல்லைப் பாதுகாப்புப் படைதான் கோயிலைப் பார்த்துக்கொள்கிறது, வெடிக்காத குண்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இளகிய மணலில் குண்டின் முனை பலமாக மோதாமல் புதைந்து, ஃபியூஸ் வேலை செய்யாமல் போவது நடக்கக்கூடியதே. இன்னொன்று, வெடித்த குண்டை யாராலும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. வெடிக்காததுதான் நம் கண்ணுக்குக் கிடைக்கும்.

இதைச் சொல்வதால் அங்கே காவல் நிற்கும் ஜவானின் நம்பிக்கையைக் குறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாலைவனத்தில் வருடக்கணக்கில் நிற்கிறவனுக்குத் தன் போஸ்ட்டுக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 11, இரவு 11.50

இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். 1999-ல், கார்கில் போரின்போது, நான் திராஸ் ரோட்டில் இருந்தேன்.

ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையில் அந்தப் பகுதி மேலேயிருக்கும் சிகரங்களிலிருந்து உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். பகலில் போனால் குண்டு துல்லியமாக வரும். அதனால் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினோம். முன்வண்டியின் நிழல்தான் வழி. பக்கத்தில் உட்கார்ந்தவன் ரோட்டோரக் கல்லைப் பார்த்து 'இடது, இடது' என்று சொல்லிக்கொண்டே வருவான்.

அந்த வாரங்களில் எங்களுக்குள் சட்டங்கள் முளைத்தன. யாரும் போடவில்லை, தானாக வந்தன. கிளம்பும் முன் போட்டோ எடுக்கக்கூடாது. எத்தனை வண்டி என்று வாய்விட்டு எண்ணக்கூடாது. 'கடைசி ட்ரிப்' என்ற வார்த்தையே கூடாது. திரும்பி வராத வண்டியில் இருந்தவனின் டம்ளரில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள், கழுவி வைத்துவிடுவோம். ஒரு கார்வால்காரர் கியர் தடியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். வண்டி மாறினால் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவார். அம்மாவின் விபூதி அப்போது என் இடது பையில் இருந்தது. பூசிக்கொள்ளவில்லை. இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்ப்பேன்.

ஜூன் 13-ல் தோலோலிங் சிகரம் நம் கைக்கு வந்தது. ரோட்டை நேராகப் பார்த்துச் சுடுவது குறைந்தது. ஜூலை 4-ல் டைகர் ஹில். அப்புறம் ஒருநாள் கவனித்தேன், பையன்கள் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. சட்டங்கள் வந்த மாதிரியே போயிருந்தன. நான் 4-ம் தேதி எழுதிய கழி, கடல் கணக்கை அதற்கு ரொம்பப் பிற்பாடு ஒரு லைப்ரரியில் படித்தேன். படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்தப் போட்டோதான்.

மார்ச் 12, காலை 9.00

பலர் தனியாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அந்த டம்ளரைப் பற்றி இன்னும் எழுதச் சொல்கிறார்கள். வேண்டாம்.

மார்ச் 13, மாலை 5.10

வீட்டில் இருந்தவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று கேட்டவர் சரியாகக் கேட்டார்.

ஜப்பானில் போருக்குப் போகிறவனுக்கு ஆயிரம் தையல் துணி என்று ஒன்று கொடுப்பார்கள். வீட்டுப் பெண்கள் ரயில் நிலைய வாசலில், கடைத்தெருவில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு சிவப்பு முடிச்சுப் போட்டுத்தரக் கேட்பார்கள். ஆயிரம் பெண்கள், ஆயிரம் முடிச்சு. புலி வருடத்தில் பிறந்த பெண் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம், ஏனென்றால் புலி எவ்வளவு தூரம் போனாலும் வீடு திரும்பும். அதை வயிற்றில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் போர் எதற்காக, யாரைக் கொன்றது என்பது தனிக் கணக்கு, அதை நான் மறக்கவில்லை. ஆனால் வெயிலில் துணியோடு நிற்கும் அந்த அம்மாவை மட்டும் பார்த்தால் எனக்கு ஊர் வித்தியாசம் தெரியவில்லை.

நம் முல்லைப்பாட்டிலும் இதே காட்சிதானே. கணவன் போருக்குப் போயிருக்கிறான், திரும்பும் காலம் தாண்டுகிறது. வயதான பெண்கள் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லையும் தூவி, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் விழுமா என்று விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். ஓர் இடைச்சிறுமி குளிரில் வாடும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று சொல்கிறாள். அது போதும், அவர்கள் ஓடிவந்து தலைவியிடம் சொல்கிறார்கள். அவளோ ஆறாமல் அழுகிறாள். நல்ல சொல் கிடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை என்று எழுதிய புலவருக்கு இந்த விஷயம் முழுசாகத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 14, இரவு 8.45

"துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும்" என்று நம்பிச் செத்தவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேள்வி. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1905 முதல் 1907 வரை நடந்த மாஜி மாஜி எழுச்சி. ஜெர்மன்காரர்கள் அடித்து உதைத்துப் பருத்தி பயிரிட வைத்தார்கள். கிஞ்சிகிட்டிலே என்பவர் ஒரு மந்திரத் தண்ணீர் கொடுத்தார். குடித்தவன் மேல் குண்டு பாயாது என்றார். இயந்திரத் துப்பாக்கி முன்னால் அவர்கள் ஓடி வந்தார்கள். சண்டையிலும், ஜெர்மன்காரர்கள் வயல்களை எரித்து உண்டாக்கிய பஞ்சத்திலும் லட்சக்கணக்கில் செத்தார்கள்.

என் 8-ம் தேதிக் கணக்குப்படி கிஞ்சிகிட்டிலேயும் நிக்கியாஸ் பக்கம்தான் சேர வேண்டும். ஆனால் அவரை அந்தப் பக்கம் தள்ள மனசு வரவில்லை. நிக்கியாஸிடம் கப்பல் இருந்தது, நேரம் இருந்தது, தப்பிக்க வழி இருந்தது. இவர்களிடம் பெரும்பாலும் ஈட்டிதான் இருந்தது. ஒருவரோடு ஒருவர் பகையாக இருந்த பல இனக்குழுக்களை ஒன்றாக நிறுத்த அந்தத் தண்ணீரை விட்டால் வேறு எதுவும் இல்லை. என் கணக்கில் இது முழுசாக அடங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். வியட்நாமில் அமெரிக்கர்கள், அடக்கம் செய்யப்படாதவன் ஆவி அலையும் என்ற அந்த மக்களின் நம்பிக்கையை எடுத்து, சாவு இசையோடு, அப்பாவைக் கூப்பிட்டு அழும் குழந்தைக் குரலைப் பதிவு செய்து, ராத்திரி ஒலிபெருக்கியில் காட்டுக்குள் விட்டார்கள். செத்த மகனின் உடல் கிடைக்காமல் தவிக்கும் ஒரு தாயின் பயத்தை ஆயுதமாக்குவது அது. எந்தத் தாயத்தையும்விட இது கேவலம்.

மார்ச் 17, மாலை 7.00

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா 1971-ல் போர்முனையில் இருந்தவராம், பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருகிறாராம், என்ன கேட்கலாம் என்கிறார்.

தம்பி, "தாத்தா, நீங்க இதையெல்லாம் நம்பினீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சேச்சே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். பதுங்குகுழியில் யாரோடு படுத்திருந்தார், அங்கே என்ன பேசக்கூடாது என்று வைத்திருந்தார்கள், ராத்திரி பீடி எப்படிக் குடித்தார்கள், வீட்டிலிருந்து வந்த கடிதத்தை எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். பாட்டி இருந்தால் அவரைத் தனியாகக் கேளுங்கள், அந்தப் பதினைந்து நாள் அவர் என்ன வேண்டிக்கொண்டார், யார் என்ன சொன்னார்கள் என்று. பெயர்களை எழுதி வையுங்கள், ரெஜிமென்ட் நம்பரையும். ஃபோனில் பதிவு செய்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள், அடுத்த நாள் அவரே ஆரம்பிப்பார்.